மாதுளையில் ஒரு விதை

ஏனுங்க தம்பி, அந்தப் பையைச் சித்த இக்கட்டால திருப்புங்க. இல்லீங்க, உள்ளார என்ன இருக்குதுன்னு கேக்கல. தேங்காயும் வெத்தலையும் இருக்கும், கல்யாண ஊட்டுல குடுத்திருப்பாங்க. மேல போட்டிருக்குதே தையல் வேலை, அதைப் பாக்கறதுக்குத்தான். பொளந்த மாதுளம்பழம், சுத்தியும் கொடி. ஆமா, அதேதான். அது என்னுதுங்க. என்ற டிசைனு.

சிரிக்காதீங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஒக்காந்த ஆளு, உங்க மடியில இருக்கற பையை என்னுதுன்னா சிரிப்பு வரத்தான் செய்யும். பை உங்களுது, வெச்சுக்குங்க. டிசைனுதான் என்னுது. ரெண்டும் வேற வேறங்க. அந்த வித்தியாசத்துக்கே லண்டன்ல மூணு பேரு ஒக்காந்து பேசுனாங்க. தாடி வெச்ச மூணு பெரியவங்க. நம்மூருல பஞ்சாயத்துப் பேசற மாதிரிதான். என்ன, அவிங்களுக்கு முன்னால அலமாரி அலமாரியா பொஸ்தகம். பேசிப்போட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாங்க. அதை நான் ஒத்துக்கல. இன்னிக்கும் ஒத்துக்கல. கோயமுத்தூரு போய்ச் சேர எப்படியும் மூணு மணி நேரம் ஆகும், நீங்களே கேட்டுப்போட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

என்ற பேரு நாட்ராயன். கரூரு வெங்கமேட்டுல எம்ப்ராய்டரி யூனிட்டு வெச்சிருக்கறேன். நாலு மிஷினு, ஒவ்வொன்னுலயும் இருவது ஊசித் தலை. படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி விட்டா இருவது துணியில ஒரே நேரத்துல தைக்கும். பெட்ஷீட்டு, மேசைத் துணி, தலகாணி ஒறை, எது வேணுமானாலும். என்ற யூனிட்டுல ஒரு சட்டமுங்க. யாரை எந்த வேலைக்கு எடுக்கறேனோ அந்த வேலைதான். மிஷின் ஓட்டறவன் மிஷின் ஓட்டோணும். செக்கிங் பண்றவ செக்கிங் பண்ணோணும். பிசிறு வெட்டுறவ பிசிறுதான் வெட்டோணும். ஒருத்தரு வேலையில ஒருத்தரு மூக்கை நொழைக்கறது எனக்குப் புடிக்காது. இருவத்திரெண்டு வருசமா அப்புடித்தான் நடத்தறேன். இதை ஞாவகம் வெச்சுக்குங்க, அப்பறம் வரும்.

என்றகிட்டத் துணி வாங்கற பையர் ஒருத்தரு, மொர்தகாய்னு பேரு. லண்டன்ல கடை. யூத மதத்துக்காரரு, ரொம்ப ஆச்சாரம். வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. சனிக்கிழமையானா லாட்ஜ் ரூமை உட்டு எறங்க மாட்டாரு, போனைத் தொட மாட்டாரு. நம்ம ஊட்டுச் சாப்பாடு ஒரு வாய் திங்க மாட்டாரு. வாழப்பழத்தை அவரே உரிச்சுத் திம்பாரு, எளநி குடிப்பாரு. தங்கமான மனுசன். நான் இப்பவும் அதான் சொல்றேன்.

அவிங்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது எறங்குனா நோம்பி, பண்டிகை மாதிரி. மேசையில ரெண்டு ரொட்டி வெச்சு, அது மேல ஒரு துணி போட்டு மூடோணும். எதுக்குன்னு கேட்டேன். மொதல்ல திராட்சை ரசத்துக்குத்தான் மந்திரம் சொல்லுவாங்களாம். ரொட்டி பாத்துட்டே இருந்தா, நம்மளை உட்டுப்போட்டு அதுக்கு மொத மரியாதை பண்றாங்களேன்னு ரொட்டிக்கு வெக்கமாப் போயிருமாம். அதுக்காகத் துணி போட்டு மறைக்கறாங்களாம். நாந்தான் அந்தத் துணியைத் தெச்சுக் குடுத்தேன். இதையும் ஞாவகம் வெச்சுக்குங்க. ரொட்டி வெக்கப்படக் கூடாதுன்னு நெனைக்கற ஆளுங்க, என்னைய என்ன பண்ணுனாங்கன்னு சொல்றேன்.

நாச்சம்மான்னு ஒருத்தி என்ற யூனிட்டுல இருந்தா. பிசிறு வெட்டுறவ. தையல் முடிஞ்சு வர்ற துணியில பின்னால நூலு நூலா நீட்டிட்டு இருக்குமுங்க, சின்னக் கத்தரியில அதையெல்லாம் நறுக்கி எடுக்கோணும். அந்த வேலையில அவ கெட்டிக்காரி. கெட்டிக்காரின்னா அப்புடி ஒரு கெட்டிக்காரி. எங்க நூலு தொங்குனாலும் கை சும்மா இருக்காது. மொர்தகாய் மொதத் தடவ யூனிட்டுக்கு வந்தப்ப, அவரு இடுப்புல, சட்டைக்குக் கீழ, வெள்ளை நூலு நீளமாத் தொங்கிட்டு இருந்துச்சுங்க. அது அவிங்க மதத்துல கட்டிக்கறது. சாமி குடுத்த கட்டளையெல்லாம் பாத்தவொடனே ஞாவகம் வரோணும்னு கட்டறாங்களாம். இவளுக்குத் தெரியுமா? அடப் பாவமே, வெளியூருக்காரரு பிசிறோட நடக்கறாரேன்னு கத்தரியைத் தூக்கிட்டு பின்னாலயே போய்ட்டா. நான் ஒரு கத்துக் கத்துனேன். அந்த மனுசன் திரும்பிப் பாத்துட்டு ரெண்டு கையாலயும் நூலைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அதுக்கப்பறம் எப்ப வந்தாலும், "கத்தரிக்கார அம்மா எங்கே?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ளாரயே வருவாரு.

ஒரு வருசம் அவருக்கு மாதுளம்பழம் போட்ட துணி வேணுமின்னாரு. அவிங்க மதத்துல மொத்தம் அறநூத்திப் பதிமூணு கட்டளையாம். மாதுளம்பழத்துலயும் அத்தனை விதை இருக்குதுன்னு ஒரு பேச்சு. அதனால அந்தப் பழம் அவிங்களுக்கு ஒசத்தி. நானும் மூணு சாம்பிள் போட்டேன், கம்ப்யூட்டர்ல கெடைக்கற படத்தையெல்லாம் எடுத்து. மூணையும் தள்ளிட்டாரு. "இதெல்லாம் எங்க தெருவுல எல்லாக் கடையிலயும் இருக்குது. உங்களுதா ஒன்னு குடுங்க"ன்னுட்டாரு. என்னுதா ஒன்னு வேணும். நான் எங்க போறதுங்க?

ஒரு நாளு சோத்து நேரம் முடிஞ்சு வந்து பாக்கறேன், வெட்டு மேசை மேல சாக்கட்டியில ஒரு மாதுளம்பழம் வரைஞ்சு கெடக்குது. பொளந்த பழம். உள்ளார விதை விதையா, ஒவ்வொன்னும் ஒவ்வொரு தினுசு, ஒன்னுக்கு மேல ஒன்னு நெருக்கிக்கிட்டு. யாரு பண்ணுனதுன்னு கேட்டேன். நாச்சம்மா எந்திரிச்சு நின்னா. "ஊட்டுல ஒரு மரம் இருக்குதுங்க அண்ணா, சும்மா கை அரிச்சுது"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உன்னைய எதுக்கு எடுத்தேன், நீ என்ன பண்ணிட்டு இருக்கறே? அழிச்சுப்போட்டு வேலையைப் பாரு"ன்னேன். ஈரத் துணியை எடுத்துட்டு வந்து அவளே அழிச்சா. அழிக்கறதுக்கு முன்னால போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்.

இதுல தப்பு என்னங்க? மேசை யாருது? என்னுது. சாக்கட்டி யாருது? என்னுது. அவ ஒக்காந்து வரைஞ்ச நேரம் சோத்து நேரம், அது அவளுதுதான், நான் மறுக்கல. ஆனா சாக்கட்டியில வரைஞ்சா அது டிசைன் ஆயிருமா? அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும், நூலு கலர் பாக்கோணும், மிஷின் ஓடோணும், கரண்டு வேணும். கொடி ஒன்னு சுத்தி விட்டது நாந்தான். அதாவது, கொடி போடுன்னு கம்ப்யூட்டர்காரன்கிட்டச் சொன்னது நாந்தான். அவன் ஒன்னு கேட்டான்: "எடது பக்கம் மூணாவது வரிசையில ஒரு விதைக்கு எடம் காலியாக் கெடக்குதுங்களே, ரொப்பீரட்டுங்களா?" போட்டோவுல இருக்கற மாதிரி போடுறான்னுட்டேன். எனக்கு அவசரம், மொர்தகாய் அடுத்த நாளு கெளம்பறாரு.

அந்தத் துணியை மனுசன் மேசையில விரிச்சாருங்க. வெரலால ஒவ்வொரு விதையாத் தொட்டுக்கிட்டே வந்து அந்தக் காலி எடத்துல நிறுத்துனாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு: "எந்த மனுசனாலயும் எல்லாக் கட்டளையையும் நெறவேத்த முடியாது. ஒன்னு எப்பவும் பாக்கி நிக்கும். அதைத்தானே காட்டியிருக்கீங்க? இது யாரோட யோசனை?"

நாந்தான்னேன்.

வேற என்ன சொல்றதுங்க? பிசிறு வெட்டுறவ கை அரிச்சுக் கிறுக்குனதுன்னா சொல்ல முடியும்? அவரு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. துணியோட நிக்க வெச்சு போட்டோ எடுத்து அவரு கடையில மாட்டுனாரு. பொழுதோட நாச்சம்மா வந்தா. "அண்ணா, அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை, நாச்சம்மா வரைஞ்சான்னு சொல்லுங்க, போதும். வேற எதுவும் வேணாமுங்க"ன்னா. வேற எதுவும் வேணாமாம், எப்புடிப் பேச்சு பாருங்க. முடியாதுன்னேன். அடுத்த திங்கக்கிழமை அவ வேலைக்கு வரல. செவத்துக்கு அந்தப் பக்கம் அத்தியப்பன் யூனிட்டுக்குப் போய்ட்டா. பன்னெண்டு வருசம் என்ற யூனிட்டுல இருந்தவ. அவ மக கல்யாணத்துக்கு நான் போய் முன்னால நின்னவன். நன்றி கெட்ட ஒலகமுங்க.

ஆறு மாசம் கழிச்சு மொர்தகாய் போன் பண்றாரு. அவரு தெருவுலயே இன்னொரு கடையில அதே மாதுளம்பழம் தொங்குதாம். அதே விதை, அதே காலி எடம். எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, கரூரு அத்தியப்பன்! எனக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிருச்சு. தப்பைக் கூட உடாம காப்பி அடிச்சிருக்கறான் பாருங்க. கேசு போடலாமுன்னேன். மொர்தகாய் வேண்டாமின்னுட்டாரு. அந்தக் கடைக்காரரும் அவிங்க ஆளுதான். அவிங்களுக்குள்ள ஒரு சண்டைன்னா மொதல்ல ரப்பிகிட்டத்தான் போகோணுமாம். ரப்பின்னா அவிங்க மத குரு. மூணு ரப்பி ஒக்காந்து சாஸ்திரத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுவாங்க. நானும் அத்தியப்பனும் சாட்சி சொல்லோணும், கம்ப்யூட்டர்ல முகத்தைப் பாத்துட்டே பேசலாம்னாரு.

நான் மாட்டேன்னுதான் இருந்தேன். பிரமிளான்னு ஒரு பொண்ணு, மொர்தகாய்க்குக் கரூருல ஏஜெண்டு, இங்கிலீசு நல்லாப் பேசும். அது ஒன்னு சொல்லுச்சு. "அண்ணா, அவிங்க வேதத்துல, அடுத்தவன் நெலத்தோட எல்லைக் கல்லை நவுத்தாதேன்னு ஒரு கட்டளை இருக்குது. தொழிலுக்கும் அதையே சொல்றாங்க. ஒருத்தன் பொழப்புக்குள்ள இன்னொருத்தன் பூந்தா, அதுவும் எல்லையை நவுத்தற மாதிரிதானாம்." அடேங்கப்பா! எனக்குச் சொல்லோணுமுங்களா அதை? எங்கப்பனும் சித்தப்பனும் முக்கா முழ வரப்புக்குப் பதினாலு வருசம் பேசாம இருந்தவங்க. இது நம்ம சாஸ்திரந்தானுங்களே! வரப்பை நவுத்துனவன் அத்தியப்பன். நான் ஜெயிச்சுருவேன்னு தெரிஞ்சு போச்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, நெத்தியில துந்நூறு வெச்சுக்கிட்டு ஒக்காந்தேன். நான் பேசறதை இங்கிலீசுல சொல்றதுக்குப் பிரமிளா பக்கத்துல ஒக்காந்துச்சு.

மதியம் மூணரை மணிக்கு ஆரம்பிச்சாங்க. தெரையில மூணு ரப்பி, இந்தப் பக்கம் மொர்தகாய், அந்தப் பக்கம் இன்னொரு கடைக்காரரு. ஒரு மூலையில அத்தியப்பன் மூஞ்சி. அவன் செவத்துக்கு அந்தப் பக்கந்தான் ஒக்காந்திருக்கறான், அவன் இருமுனா எனக்கு ரெண்டு தடவ கேக்குது. செவுரு வழியா ஒருக்கா, லண்டன் வழியா ஒருக்கா.

மொதல்ல அவிங்களுக்குள்ளயே சண்டை. கொஞ்ச வயசு ரப்பி சொல்றாரு, படமுங்கறது கையில புடிக்க முடியாத ஒன்னு, கையில புடிக்க முடியாததுக்கு ஓனரு எப்புடி இருக்க முடியும்னு. நடு ரப்பி, ஒருத்தன் லாபம் பாத்தா இன்னொருத்தனுக்கு நட்டம் இல்லீன்னா தடுக்கலாமான்னு கேக்கறாரு. காலியாக் கெடக்கற ஊட்டுல ஒருத்தன் சொல்லாமப் போய்க் குடியிருந்தா வாடகை கேக்கலாமான்னு ஒரு கதை. "என்ற ஊடு காலி ஊடு இல்லீங்க, நான் உள்ளார குடியிருக்கறேன்"னு கத்துனேன். பிரமிளா அப்புடியே சொல்லுச்சு. பெரிய ரப்பி சிரிச்சாரு. எம்பது வயசு இருக்கும், கண்ணு மட்டும் சின்னப் பையன் கண்ணாட்டம். அவரு சொன்னாரு: ஒரு மீனைப் பாத்து வெச்சு ஒருத்தன் வலை போட்டிருந்தா, மத்தவன் வலையைத் தள்ளித்தான் போடோணும். மீனு இன்னும் கையில சிக்காட்டியும் அவன் ஒழைப்பு அங்க இருக்குது. ஒருத்தன் மூளையால உண்டாக்குனதும் அப்புடித்தான், அதுக்கு ஓனரு உண்டு. எங்களுக்குள்ள வேற மாதிரி சொல்றவங்களும் இருக்கறாங்க. நான் இதைத்தான் எடுத்துக்கறேன்னாரு.

நான் கையெடுத்துக் கும்புட்டேன். பாத்தீங்களா, அது வரைக்கும் நியாயஸ்தருதான்.

அப்பறம் அத்தியப்பன் காப்பி அடிச்சான்னு எப்புடிச் சொல்றீங்கன்னு கேட்டாங்க. நான் சும்மா உடுவேனா? ரெண்டு துணியையும் தூக்கிக் காட்டி, "அந்தக் காலி எடத்தைப் பாருங்க, அது என்ற அடையாளம், அதையும் சேத்துத் திருடியிருக்கறான்"னேன். பெரிய ரப்பி குனிஞ்சு பாத்தாரு. "அந்த எடத்தை எதுக்குக் காலியா உட்டீங்க?"ன்னாரு. நான் நிமிந்து ஒக்காந்து சொன்னேன்: "எந்த மனுசனாலயும் எல்லாக் கட்டளையையும் நெறவேத்த முடியாதுங்க. ஒன்னு எப்பவும் பாக்கி நிக்கும்."

மொர்தகாய் தாடியைத் தடவிட்டே மெதுவாச் சொல்றாரு, "அது நான் சொன்னது."

சொல்லியிருக்கலாம். அதனால என்ன? நல்ல வார்த்தையை ரெண்டு பேரு சொல்லக் கூடாதா? பெரிய ரப்பி, எங்க படிப்புல ஒருத்தரு சொன்னதைத் திருப்பிச் சொல்றப்ப மொதல்ல அவரு பேரைச் சொல்லோணும், அப்பறந்தான் சேதின்னாரு. செரிங்க, மொர்தகாய் பேரையே சொல்லிக்கறேன்னேன். அதுல ஒன்னும் கொறைஞ்சு போயிர மாட்டேன்.

அப்பத்தான் அத்தியப்பன் மூஞ்சி நவுந்துது, அந்த எடத்துல நாச்சம்மா வந்து ஒக்காந்தா. தலைக்கு எண்ண வெச்சு, நோம்பிச் சேலை கட்டிக்கிட்டு. மொர்தகாய் பாத்தவொடனே "கத்தரிக்கார அம்மா!"ன்னு ரெண்டு கையாலயும் இடுப்பு நூலைப் புடிச்சுக்கிட்டாரு. மூணு ரப்பிக்கும் அந்தக் கதையைச் சொல்லி, எல்லாரும் ஒரு மூச்சுச் சிரிச்சு, கோர்ட்டு நடக்குதா என்ன நடக்குதுன்னே தெரியல. பெரிய ரப்பி அவகிட்டயும் அதே கேள்வியைக் கேட்டாரு: அந்த எடம் எதுக்குக் காலி?

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "அது நான் தின்னதுங்க. சோத்துப் போசியில ஒரு பழத்தைப் பொளந்து வெச்சுக்கிட்டுத்தான் பாத்து வரைஞ்சேன். பாத்துட்டே இருந்தா ஆசை வராதுங்களா? எடது பக்கம் மூணாவது வரிசையில ஒன்னை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அப்பறம் இல்லாததை எப்புடி வரையறதுன்னு உட்டுட்டேனுங்க."

பெரிய ரப்பி சிரிக்கலீங்க. அவளையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, "இந்த அம்மாவை நீங்க என்ன வேலைக்கு எடுத்தீங்க?"ன்னாரு.

எனக்கு அந்தக் கேள்வி சக்கரையாட்டம் இருந்துச்சு. அவ யாருன்னு இவிங்களுக்குத் தெரியோணுமல்ல? "பிசிறு வெட்டுறதுக்குங்க. அது மட்டுந்தான். வேற ஒரு வேலைக்கும் நான் அவளைக் கூப்புடல. பன்னெண்டு வருசத்துல ஒரு நாளு கூடக் கூப்புடல. வரையறது அவ வேலையே இல்லீங்க. அவ வரைஞ்சப்பக் கூட, இதுக்கா உன்னைய எடுத்தேன்னு திட்டி அழிக்கச் சொன்னவன் நான்"னேன். பிரமிளா என்ற கையைப் புடிச்சு அமுக்குது. "அண்ணா, இதோட நிறுத்திக்குங்க, இதை நான் சொல்லலீங்க அண்ணா"ங்குது. "நீ யாரு நிறுத்தறதுக்கு? ஒரு வார்த்தை உடாமச் சொல்லு"ன்னேன். அது என்னையப் பாத்துது. அப்பறம் ஒரு வார்த்தை உடாமச் சொல்லுச்சு.

மூணு ரப்பியும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. கொஞ்ச வயசுக்காரரு எந்திரிச்சுப் போய் ஒரு பொஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்தாரு. அதுல என்ன போட்டிருக்குதுன்னா, வயல்ல களை புடுங்கறதுக்குன்னு ஒரு ஆளைக் கூலிக்குக் கூப்புட்டு, களை புடுங்கறப்ப அவரு கையில ஒரு பொருள் கெடைச்சா, அது அந்தக் கூலிக்காரருக்குத்தானாம். 'இன்னிக்கு நான் சொல்ற எல்லா வேலையும் செய்யி'ன்னு கூப்புட்டிருந்தாத்தான் மொதலாளிக்காம். "பிசிறு வெட்ட மட்டுந்தான்னு நீங்களே மூணு தடவ சொன்னீங்க. அதனால படம் அவங்களுது"ன்னாரு பெரிய ரப்பி.

எங்கியோ களை புடுங்குன கதைக்கும் என்ற மிஷினுக்கும் என்னங்க சம்பந்தம்?

இருங்க, முடியல. பெரிய ரப்பி, எங்க தீர்ப்பு எங்க ஆளுங்களைத்தான் கட்டும், உங்களை ஒன்னும் சொல்ல மாட்டோம், உங்க நாட்டுச் சட்டம் உங்களுக்குன்னாரு. ஆனா லண்டன் கடைக்காரங்க ரெண்டு பேரும் இனிமே அவ சம்மதிக்கற ஆளுகிட்டத்தான் அந்தத் துணியை வாங்கோணும், துணியில அவ பேரு இருக்கோணும்னுட்டாரு. அவகிட்ட, யாரு தைக்கலாம்னு கேட்டாங்க. அத்தியப்பன் பல்லைக் காட்டிட்டு ஒக்காந்திருக்கறான், தனக்குத்தான்னு. அவ சொல்றா: "ரெண்டு பேரும் தைக்கட்டுமுங்க. அண்ணன் மிஷினுலதான் மொதல்ல ஓடுச்சு. அவரு தெச்சா எனக்குச் சந்தோசந்தான். பேரு மட்டும் போட்டாப் போதுமுங்க."

பேரு மட்டும். ஒரு வெரல் நீள லேபிளு, துணிக்குப் பின்னால, மூலையில. 'நாச்சம்மாள், கரூர்'. அவ்வளவுதான்.

மொர்தகாய் அடுத்த நாளே ஆர்டர் அனுப்புனாரு. என்ற ஊட்டுக்காரி சொல்றா, "ஒரு துண்டுத் துணி, யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க, வெச்சுத் தெச்சா என்ன?" நான் முடியாதுன்னுட்டேன். ஆர்டர் பெருசுதானுங்க. ரெண்டு மிஷினு இப்ப துணி போட்டு மூடித்தான் கெடக்குது. கெடக்கட்டும். என்ற ஊசி என்ற கரண்டுல அந்தப் பேரைத் தெக்கறதா? ரொட்டிக்கு வெக்கமாப் போயிருமுன்னு துணி போடற ஆளுங்க, மூணு பெரியவங்க முன்னால, அத்தியப்பன் முன்னால, நான் வேலைக்கு வெச்சவ முன்னால என்னைய மூடாம உட்டுட்டாங்களே. என்ற வெக்கத்துக்கு யாருங்க துணி போட்டாங்க? நான் பணிய மாட்டேன்.

என்ன பண்ணுனேன்னு கேளுங்க. அந்தக் காலி எடத்தை ரொப்பிட்டேன். ஒரு விதை வெச்சுட்டேன். இப்ப அது முழுப் பழம், அவளுது இல்லீங்க, என்னுது! கரூருல பைக் கடைக்கெல்லாம் அதைப் போட்டுக் குடுத்தேன், தாம்பூலப் பைக்கு. அதனாலதான் உங்க மடியில பாத்தவொடனே சொன்னேன். ஆனா ஒரு வேடிக்கை. வாங்க வர்றவங்க அதைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, "என்னமோ ஒன்னு கொறையுதுங்களே"ன்னு வெச்சுட்டுப் போறாங்களாம். ரொப்பி வெச்சிருக்கறதைப் பாத்துக் கொறையுதுங்கறாங்க. என்ன சனமோ!

இப்ப கோயமுத்தூருல ஒரு வக்கீலைப் பாக்கத்தான் போறேன். டிசைனை கவுருமெண்டுல என்ற பேருல பதிஞ்சு வெச்சுட்டா எந்த ரப்பி வந்து என்ன பண்றது? போன்ல பேசுனேன். அந்த வக்கீலு எடுத்தவொடனே கேக்கறாரு, "யாருங்க வரைஞ்சது?" இவருமா! நேருல வந்து சொல்றேன்னு வெச்சுட்டேன்.

செரி, நீங்க சொல்லுங்க தம்பி, நியாயம் யாரு பக்கம்? என்ன யோசிக்கறீங்க? யோசிக்கறதுக்கு இதுல என்னங்க இருக்குது?

கண்ணாடியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமல்ல? எடது பக்கம் மூணாவது வரிசையைப் பாருங்க. விதை இருக்குதா, காலியா இருக்குதா?

காலியாவா?

நல்லாப் பாருங்க.

இக்கட்டக் குடுங்க, நான் தொட்டுப் பாக்கறேன். தேங்காயை எடுத்து மடியில வெச்சுக்குங்க, உள்பக்கத்தைத் திருப்பறேன்... லேபிளைப் படிக்க வேண்டாமுங்க. வேண்டாம். வெரலை வெச்சுப் பாருங்க, இப்புடி, தையலுக்குப் பின்னால. ஒரு பிசிறு தட்டுப்படுதா? ஒரு நூலு? ஒன்னு கூட இல்ல. கன்னத்துல வெச்சாக் கூடக் குத்தாது. இது செவத்துக்கு அந்தப் பக்கம் தெச்சது, அவ கையிங்க. தொட்டாலே தெரியும் எனக்கு.

பையைக் கீழ வெச்சுராதீங்க, மண்ணாயிரும். மடியிலயே வெச்சுக்குங்க. பிசிறு வெட்டுறதுல நாச்சம்மாளை அடிச்சுக்க இந்தக் கரூருலயே ஆளு கெடையாதுங்க. அதைத்தானுங்க நான் அந்த மூணு பேருகிட்டயும் சொன்னேன்.